சிலம்பனேந்தலில் வாள்கள் வேர்க்கும்

இந்த நாட்டில் 'தொடாதீர்கள், துப்பாதீர்கள்' என்று எழுதி வைத்து, அதற்குக் காவலாக ஓர் ஆளையும் நாற்காலி போட்டு உட்கார்த்தி வைத்திருக்கிற இடம் அருங்காட்சியகம் ஒன்றுதான் என்பதால், விருப்ப ஓய்வு வாங்கிய நாளிலிருந்து நான் கோயில் குளம் என்று அலையாமல் ஊர் ஊராக அருங்காட்சியகங்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன், அதுவும் தனியாக, தோள்பையில் என் டம்ளர், என் ஸ்பூன், என் தண்ணீர், ஒரு சின்ன டெட்டால் பாட்டில் சகிதமாக. ஹேமலதா என்று பெற்றவர்கள் வைத்த பெயர் இருக்க, தங்கை பிள்ளைகள் என்னைக் கூப்பிடுவது டெட்டால் பெரியம்மா என்று. கூப்பிட்டுவிட்டுப் போகட்டும். அடுத்தவர் வாய் வைத்த டம்ளரில் நான் குடித்ததில்லை, கட்டிய புருஷன் உயிரோடிருந்தபோது அவர் டம்ளரிலும் குடித்ததில்லை, என் டம்ளரை அவரும் தொட்டதில்லை, அதனால் எங்களுக்குள் ஒரு குறையும் வந்ததில்லை.

அப்படித்தான் சிலம்பனேந்தலுக்கும் போனேன். மதுரையில் பஸ் ஏறினால் பனங்காட்டையும் கருவேலத்தையும் தாண்டி, வெயில் மட்டுமே விளைகிற ஒரு பொட்டலில் இறக்கிவிடுவார்கள்; அந்தக் காலத்துப் பாளையக்காரர் அரண்மனையில் பாதி இடிந்துபோக, மீதிப் பாதியை அலங்காரப் பொருட்கள், போர்க்கவசங்கள் அருங்காட்சியகம் என்று ஆக்கியிருக்கிறார்கள், ஊர்க்காரர்கள் வாயில் அது கவச பங்களா. பஸ்ஸை விட்டு இறங்கியதுமே மூக்கு சொல்லிவிட்டது. கறிக்கடைக்குப் பின்னால் இருக்கிற சந்தின் நாற்றம், ஈரச் சில்லறையை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் வருகிற நாற்றம், அது ஒரு தெருவில் என்றில்லை, வேப்பமரத்தடியில், பிள்ளையார் கோயில் வாசலில், பூக்காரியின் மல்லிகைக் கூடையில்கூட அடித்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் ஓட்டலுக்குள் நுழைந்தேன். 'இட்லி, ஆப்பம், குடல் குழம்பு, வேர்வைப் பொரியல்' என்று சாக்பீஸில் எழுதியிருந்தது.

"அதென்னங்க வேர்வைப் பொரியல்?"

"ஆட்டு வேர்வைதான்க்கா. விடியக்காலம் அறுத்தது. தேங்காப் பூப் போட்டுச் சூடா இருக்கு, வைக்கவா?" என்று பரிமாறுகிறவர் சட்டியைச் சாய்த்துக் காட்டினார்.

வெங்காயமும் மிளகாயும் போட்டு உதிர்த்த அந்தக் கருஞ்சிவப்புக் கட்டிகளை எனக்குத் தெரியாதா என்ன, திருச்சியில் எங்கள் தெருமுனைக் கடையிலும்தான் விற்கிறார்கள். "இது ரத்தம்ங்க," என்றேன்.

யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. பந்தியில் ஒருவர் சத்தமாக ஏப்பம் விட்டால் பக்கத்து இலைக்காரர்கள் எப்படித் தங்கள் இலையைப் பார்த்துக் குனிந்துகொள்வார்களோ, அப்படி ஓட்டலில் இருந்த எல்லோரும் குனிந்துகொண்டார்கள், பரிமாறுகிறவர் அந்தச் சொல் மின்விசிறிக் காற்றில் வாசலைத் தாண்டிப் போகும்வரை பொறுத்திருந்துவிட்டு, "எத்தனை இட்லிக்கா?" என்று கேட்டார். எனக்குப் பசி போய்விட்டது.

தெருவில் நடந்தால் ஒரு பக்கம் வேர்வைப் பரிசோதனை நிலையம், சர்க்கரை, உப்பு, வேர்வைக் கொதிப்பு பார்க்கப்படும். இன்னொரு பக்கம் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, இப்படிக்கு வேர்வைச் சொந்தங்கள். அதற்கு மேலே கட்சிப் பொதுக்கூட்டத்துக்கு வேர்வையின் வேர்வையான தொண்டர்களுக்கு அழைப்பு. நெற்றியில் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் பொட்டு, ஆணுக்கும் பெண்ணுக்கும் குழந்தைக்கும், காய்ந்து ஓரம் வெடித்த கருஞ்சிவப்புப் பொட்டு, அதன்மேல் ஈ. ஈயை யாரும் விரட்டவில்லை.

பங்களா வாசலில் என்னை எதிர்கொண்டவள் அழகுராணி. சுற்றிக்காட்டுகிற வேலை அவளுக்கு, கழுத்தில் அடையாள அட்டை, வயிற்றில் எட்டு மாதம், நடக்கும்போது இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொள்கிற சிரித்த முகக்காரி. அவளுடைய மாமியார் பேச்சியம்மாளுக்கு அதே பங்களாவில் துடைக்கிற வேலை. படிக்கட்டுக்குக் கீழே உட்கார்ந்து பழைய வேட்டித் துணிகளைப் பிழிந்துகொண்டிருந்தார், பிழிந்த தண்ணீரின் நிறத்தை நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

"வாங்கக்கா, சரியான நேரத்துக்கு வந்தீக. வெயிலு இன்னும் வளைவுல ஏறல. ஏறுனாத்தான் வேர்க்கும். அதுக்குள்ள அலங்காரக் கூடத்தப் பாத்துருவோம்."

அலங்காரக் கூடத்தில், தந்தத்தில் கடைந்த சொக்கட்டான் காய்களும், ஒரு பல்லும் உடையாத கண்ணாடிச் சரவிளக்கும், அன்னத்தின் கழுத்தை நீட்டிச் செய்த பன்னீர்ச் செம்பும், மயிற்பீலி விசிறியும், ராஜா தன் முதுகைத் தானே சொறிந்துகொள்ள நகங்களோடு செய்து வைத்த வெள்ளிக் கையும், ஒரு யானையின் காலை முழங்காலுக்குக் கீழே வெட்டிப் பதப்படுத்தி மேலே பட்டு மெத்தை தைத்த முக்காலியும் இருந்தன. அந்த யானை நகங்களுக்கு யாரோ அன்றைக்குக் காலையில்கூட எண்ணெய் தடவியிருந்தார்கள். இதில் உட்கார்ந்துதான் ராணி தலை உணத்துவார் என்று அழகுராணி சொன்னாள். கை படாத இடமாகப் பார்த்து நகர்ந்தபோது, ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வெறும் வெல்வெட் மேடை மட்டும் இருந்தது, கீழே 'வெள்ளிப் படிக்கம், மயிலும் கொடியும் வேலைப்பாடு' என்று எழுதியிருந்தது. படிக்கம் என்றால் வெற்றிலை போட்டவர்கள் எச்சில் துப்புகிற பாத்திரம், அதற்குத்தான் அத்தனை மயிலும் அத்தனை கொடியும்.

"படிக்கத்தைக் காணோமே?"

"அது உள்ள வேலையா இருக்குக்கா," என்றாள்.

கவசக் கூடத்துக்குள் போனோம். கிழக்கு வளைவின் வழியாக வெயில் படியிறங்கி வந்து முதல் பட்டாக்கத்தியின் நுனியைத் தொட்டதும், அந்த நுனியில் ஒரு சிவப்பு முத்து கட்டியது; அது உருண்டு விழுந்ததும் அதே நுனியில் அடுத்தது கட்டியது; பிறகு வெயில் போகப் போகக் கட்டாரிகளிலும் குத்துவாள்களிலும் வேல்களிலும் கசிந்து, இரும்பு வளையங்களைக் கோத்துப் பின்னிய போர்ச்சட்டையில் வளையத்துக்கு வளையம் நிறைந்து தளும்பி, தலைக்கவசத்தின் மூக்குத் தகடு வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கியது. கீழே தாம்பாளம் தாம்பாளமாக வைத்திருந்தார்கள். பெரிய வாளுக்குக் கீழே அந்தப் படிக்கம் இருந்தது, மயிலின் கொண்டைவரை நிறைந்து.

எனக்கு ஆச்சரியம் ஒன்றும் வரவில்லை. கொன்ற இரும்பு கொன்றதைச் சொல்லிக்கொண்டிருப்பதில் என்ன ஆச்சரியம் இருக்கிறது? இத்தனை காலமாக அது சொல்லிக்கொண்டிருக்க, கீழே தாம்பாளம் வைத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"இது யாருடைய ரத்தம்?" என்று கேட்டேன். அழகுராணி கண்ணைத் தாழ்த்திக்கொண்டு அந்தச் சொல் கடந்து போகக் காத்திருந்தாள். "சரி, இது யாருடையது?" என்று மாற்றிக் கேட்டேன்.

"வாளோடதுதான்க்கா. வாள் வேர்க்குது, அது வாளோட வேர்வை."

"ஏன் வேர்க்கிறது?"

"கம்மாக் கரையில பன்னீர்த் தெருன்னு ஒரு தெரு இருந்துச்சாம். அந்தத் தெருக்காரக அரண்மனையக் கேக்காம மடையத் தொறந்து வயலுக்குத் தண்ணி பாச்சிட்டாகளாம். ஒருநா காலம்பற அந்தத் தெரு காலியாப் போச்சாம். அன்னைலருந்து வேர்க்குது."

"காலியாகிப் போச்சுன்னா? எங்கே போனாங்க?"

"காலியாப் போச்சுன்னுதான்க்கா சொல்வாக."

"முதல்லேருந்தே அதுக்குப் பன்னீர்த் தெருன்னா பேரு?"

அவள் யோசித்தாள். "இல்லக்கா. அது பெறகு வச்ச பேரு."

மற்றதையெல்லாம் அவள் ஒரு தாலாட்டைச் சொல்வது மாதிரி சொல்லிக்கொண்டே போனாள். வேர்வையில் முதல் கிண்ணம் கோயிலுக்குப் போகும், சுவரில் சுண்ணாம்புப் பட்டைக்கு நடுவே சிவப்புப் பட்டை அதில்தான் அடிப்பது. இரண்டாவது கல்யாண வீட்டுக்கு, கூறைப்புடவையின் ஓரத்தை அதில் ஒரு முக்கு முக்கினால்தான் பெண் அந்த வீட்டில் நிலைப்பாள். மூன்றாவது கபடிக்காரர்களுக்கு, தொடையில் தடவிக்கொண்டு இறங்கினால் ஆள் பிடிபடமாட்டான். மிச்சமெல்லாம் வாய்க்காலில் ஓடி வாழைத்தோப்புக்கு, அதனால்தான் சிலம்பனேந்தல் பழத்துக்கு மதுரை மார்க்கெட்டில் தனி மவுசு. பள்ளிக்கூடப் புத்தகத்தில் அந்தச் சொல் வந்தால் வாத்தியார் பக்கத்தைத் திருப்பிவிடுவார், டிவியில் வந்தால் சத்தம் தானாக நின்று மறுபடி வரும், வெளியூர் டாக்டர் யாராவது வந்து ஆஸ்பத்திரியில் அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுவார். "என்னமோ ஒரு வார்த்தை அக்கா. உதடு அசையும், காதுல ஒண்ணும் விழுகாது." போன ஐப்பசியில் மதுரையில் வாங்கித் தின்ற வாழைப்பழங்களை நான் நினைத்துப் பார்த்தேன். நினைத்திருக்கக் கூடாது.

அதற்குள் பேச்சியம்மாள் வந்து, படிக்கத்துக்குள் மோதிர விரலைத் தோய்த்து என் நெற்றியை நோக்கி நீட்டினார். விரல் நுனியில் தோய்த்தது சூடாக இருந்தது, ஆவி தெரிந்தது.

"எனக்கு அலர்ஜிம்மா," என்று பின்னால் நகர்ந்தேன்.

"வெளியூர்த் தாயிக எல்லாரும் மொதல்ல மூஞ்சியச் சுளிக்கத்தான் செய்வாக. ரெண்டு நாள் தங்குனா மூக்கு பழகிரும்," என்று சொல்லி, வீணாக்காமல் அதைத் தன் நெற்றியிலேயே பழைய பொட்டின்மேல் வைத்துக்கொண்டு, விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டார். அந்தச் சேலையில் அந்த விரல் எத்தனை வருஷமாகத் துடைத்துக்கொண்டிருக்கிறது என்பது இடுப்புப் பக்கம் மரப்பட்டை மாதிரி விறைத்து நின்ற துணியைப் பார்த்தாலே தெரிந்தது.

போர்ச்சட்டையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த அழகுராணி பாதி வாக்கியத்தில் நின்றாள். கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். அவள் காலடியில் தரையில் ஒரு சொட்டு இருந்தது, பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் சொட்டு என்று சொல்ல முடியாத அளவுக்கு. அவள் தலைக்கு மேலே வாளும் இல்லை வேலும் இல்லை.

அவள் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அய்ய, எனக்கும் வேர்த்துருச்சு."

சிலம்பனேந்தலில் வேர்த்தால் என்ன செய்வார்களோ அதையெல்லாம் செய்தார்கள். பங்களாக் காவலர் ஓடிப்போய் யானைக்கால் முக்காலியைத் தூக்கி வந்து அவளை உட்கார வைத்தார். பூட்டைத் திறந்து ராணியின் மயிற்பீலி விசிறியை எடுத்து வந்து வீசினார். டிக்கெட் கொடுக்கிறவர் மோரில் உப்பைப் போட்டு ஆற்றிக்கொண்டு வந்தார். யாரோ சுடிதார் போட்ட பெண் ஈரத் துண்டை உச்சந்தலையில் வைத்தாள். பேச்சியம்மாள் கையிலிருந்த அதே துணியால் மருமகளின் கால்களைத் துடைத்துத் துடைத்துப் பிழிந்தார், துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்ததால் துணியைப் போட்டுவிட்டு, வாளுக்குக் கீழே இருந்த படிக்கத்தை எடுத்து வந்து முக்காலிக்கு அடியில் வைத்தார். வாழ்க்கையில் நான் எத்தனையோ அசிங்கத்தைப் பார்த்திருக்கிறேன், தபால் ஆபீஸில் கால் நூற்றாண்டு அடுத்தவர் நாக்கில் நனைந்த தபால்தலைகளோடு வேலை பார்த்திருக்கிறேன், அதைப் போல ஒன்றைப் பார்த்ததில்லை.

"புள்ளத்தாச்சிக்கு வேர்த்துக் கொட்டுதுங்க," என்று காவலர் ஆம்புலன்ஸுக்குப் பேசினார். வேர்த்தால் ஜன்னலைத் திறந்து வைத்துத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்கள், மயக்கம் வந்தால் மறுபடி கூப்பிடச் சொன்னார்கள். அவர்கள் பேரில் குற்றம் இல்லை, வேர்ப்பதற்கு யார் வண்டி அனுப்புவார்கள்?

அழகுராணியின் உதடு சுண்ணாம்பாக வெளுத்துக்கொண்டு வந்தது. என் கையைப் பிடித்து இழுத்துக் காதில் சொன்னாள், "அக்கா, புள்ள அசையலக்கா. இந்நேரத்துக்கு ஒதைக்கும். அசைய மாட்டேங்குது."

"இது ரத்தம்! வேர்வை இல்லை, ரத்தம்! நின்னு வேடிக்கை பார்க்கிறீங்களே, அந்தப் பொண்ணும் பிள்ளையும் போயிடும்!" என்று கத்தினேன். எல்லோரும் இலையைப் பார்த்துக் குனிகிற மாதிரி தரையைப் பார்த்துக் குனிந்தார்கள், குனிந்து அங்கே கிடந்ததைப் பார்த்தார்கள், நான் கத்தி முடிக்கக் காத்திருந்தார்கள். காவலரிடமிருந்து போனைப் பிடுங்கி ஆம்புலன்ஸை மறுபடி கூப்பிட்டுச் சொன்னேன், அந்தச் சொல்லுக்கு மட்டும் போன் ஊமையாகி, "என்ன போகுதும்மா? சரியாக் கேக்கலை," என்று எதிர்முனையில் கேட்டார்கள். மறுபடி சொல்ல வாயைத் திறந்தபோது பேச்சியம்மாள் பின்னாலிருந்து வந்து என் வாயைப் பொத்தினார்.

"வேணாம் தாயி. அத இங்கன சொல்லக் கூடாது," என்றார், கெஞ்சுகிற குரலில்தான்.

பிழிந்த துணியின் ஈரம் அப்படியே இருக்க, அந்த உள்ளங்கை என் உதட்டின்மேல் இருந்தது. ஐம்பத்திரண்டு வயதுவரை புருஷன் டம்ளரில் வாய் வைக்காத நான், கண்ணை இறுக மூடிக்கொண்டு அந்தக் கையைக் கடித்தேன். பல் இறங்குகிற அளவுக்குக் கடித்தேன். பேச்சியம்மாள் அலறிக் கையை உதறினார், என் வாயெல்லாம் உப்பும் இரும்புமாகச் சூடாக நிறைந்தது, அதைத் துப்பவும் நேரமில்லாமல், அதோடு சேர்த்து, "ரத்தம்!" என்றேன்.

அது என் வாயில் இருந்ததாலோ என்னவோ, இந்தத் தடவை சொல் கேட்டது. சமையற்கட்டில் அண்டா விழுந்த மாதிரி கேட்டது. கூடத்தில் மோதி, முற்றத்தில் மோதி, தெருவுக்குப் போய், பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போனது என்று பிறகு சொன்னார்கள். ஓட்டலில் பொரியலை வாயில் வைத்திருந்தவர் அப்படியே மெல்லாமல் உட்கார்ந்துவிட்டாராம், கோயில் சுவரில் பட்டை அடித்துக்கொண்டிருந்தவர் மட்டையைப் போட்டுவிட்டு ஏணியிலிருந்து இறங்கிவிட்டாராம், பூக்காரி கூடையை முகர்ந்து பார்த்துவிட்டு மூடி வைத்தாளாம். போனில் இருந்தவருக்கும் கேட்டது. "எட்டு மாசம், ரத்தம் நிக்காமப் போகுது," என்று நான் திருப்பிச் சொல்லவும் வண்டி கிளம்பிவிட்டது.

வண்டி வருவதற்குள் பங்களா வாசலில் ஊர் கூடிவிட்டது. பாதிப் பேர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள், எல்லோருமாக என்னைத்தான் ஏசினார்கள்.

"சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி! டிக்கெட்ட வாங்குனமா, பாத்தமா, போனமான்னு இல்லாம ஒனக்கு எதுக்கும்மா இந்த வேல?"

"இனி எவன் நம்ம பழத்த வாங்குவான்?"

"எம் மக கூறைப்பொடவைய நான் என்ன செய்ய?" என்று ஒரு பெண் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அவள் ஒருத்திதான் கேட்க வேண்டியதைக் கேட்டாள் என்று எனக்குத் தோன்றியது. மற்றவர்கள், ஆம்புலன்ஸ் வந்து அழகுராணியை ஏற்றிக்கொண்டு நானும் அவள் தலைமாட்டில் ஏறி உட்காருவதற்குள்ளேயே, "வெளியூர்க்காரி என்னமோ ஒளறிட்டுப் போறா, வெயிலு அப்பிடி," என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். பின்கண்ணாடி வழியாகப் பார்த்தபோது டிக்கெட் கொடுக்கிறவர் நெற்றியில் மறுபடி பொட்டு இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் நஞ்சுக்கொடி இறங்கியிருக்கிறது என்றார்கள். ஊசி போட்டார்கள், ரத்தம் ஏற்றினார்கள், வயிற்றில் ஒரு கருவியை வைத்துத் தேடித் தேடி, கடைசியில் குதிரை ஓடுகிற மாதிரி ஒரு சத்தத்தைக் கண்டுபிடித்து அவளுக்குக் கேட்க வைத்தார்கள். அவள் அதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு பேரும் இல்லை என்று டாக்டரம்மா யாரையோ திட்டுகிற குரலில் என்னைப் பார்த்துச் சொன்னார்.

சாயங்காலம் அழகுராணியின் புருஷன் தவசி தன் குட்டியானைச் சரக்கு வண்டியில் சொந்தக்காரர்களையெல்லாம் நிற்க வைத்து ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான். பேச்சியம்மாளும் வந்தார், கடிபட்ட கையில் மஞ்சள் துணியால் போட்ட கட்டு, என்னைப் பார்க்காமல் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டார். நர்ஸ் வந்து, ஏற்றிய ரத்தத்துக்குப் பதிலாக இவர்கள் பக்கத்திலிருந்து யாராவது ரத்தம் கொடுக்க வேண்டும் என்று சொன்னாள். அத்தனை பேரும் குனிந்துகொண்டார்கள். ஊரை விட்டு இத்தனை தூரம் வந்தும் ஊரைக் கூடவே கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். தவசி மட்டும் தவித்துப்போய் என்னிடம் வந்து, "என்னமோ குடுக்கச் சொல்றாக, எதன்னு வெளங்கல. எங்கிட்ட இருந்தா நான் குடுத்துருவேன்க்கா, எதக் கேக்குறாக?" என்றான். நடிப்பில்லை, அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அவனிடம் கோபப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று நானே எழுந்து போய், விரிப்பு மாற்றியிருக்கிறார்களா என்று கேட்டு, ஊசி புதுசா என்று கேட்டு, நர்ஸ் முறைக்க முறைக்கப் படுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்து அழகுராணியின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபோது, பஞ்சு நழுவி, முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை ஒரு கோடு இறங்கியிருந்தது. பேச்சியம்மாள் எழுந்து வந்தார். நான் கடித்த கையாலேயே தன் முந்தானையை எடுத்து, என் கையைப் பதமாகத் துடைத்துவிட்டார்.

"பாவம் தாயி," என்றார். "ரொம்ப வேர்த்துருச்சே ஒங்களுக்கு."

எனக்கு அவர் கையை மறுபடி கடிக்கலாம் போலிருந்தது. கத்தவும் தெம்பில்லை. அப்போது கட்டிலிலிருந்து, அரைக்கண் திறந்தபடி, அழகுராணி பேசினாள். அந்தச் சொல்லை அதற்குமுன் அவள் வாய் சொன்னதில்லை. சுடுகிற சோற்றை வாயில் வைத்தவள் மாதிரி அதை நாக்கில் அங்குமிங்கும் புரட்டிவிட்டுச் சொன்னாள்.

"அது ரத்தம் அத்தே."

பேச்சியம்மாள் குனிந்துகொண்டார்.

"குனியாதீக அத்தே, இங்கன பாருங்க. அந்தக்கா கையில இருக்கது ரத்தம். எனக்குப் போனது ரத்தம். ஒங்க கையில கட்டுக்குள்ள இருக்கது ரத்தம். நீங்க தெனம் தொடச்சுப் பிழியிறீகளே," என்று மூச்சு வாங்கிக்கொண்டாள், "அது பன்னீர்த் தெருக்காரக ரத்தம்."

பேச்சியம்மாள் நிமிர்ந்து மருமகளைப் பார்த்தார், அவளுக்கு மேலே தொங்கிய சிவப்புப் பையைப் பார்த்தார், அதிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்தார். பிறகு என் கையைத் துடைத்த முந்தானையை மெதுவாக மூக்குக்குக் கொண்டுபோய் முகர்ந்தார். முகர்ந்துவிட்டு இடுப்புப் பக்கம் விறைத்து நின்ற துணியை முகர்ந்தார். விரல்களை ஒவ்வொன்றாக முகர்ந்தார். அவர் முகத்தில் காலையிலிருந்து நான் அந்த ஊரில் தேடிக்கொண்டிருந்த சுளிப்பு வந்தது.

கை கழுவும் தொட்டிவரை போக முடிந்தது அவரால். அதைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தார், சோறு வந்து, தண்ணீர் வந்து, பித்தம் வந்து, பிறகு ஒன்றும் வராமல் வெறும் வயிறு மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது. தவசியும் மற்றவர்களும் கதவோரம் ஒதுங்கி நின்றார்கள். நான் போய் அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். பொட்டு என் உள்ளங்கையில் பிசுபிசுவென்று கரைந்து ஒட்டியது, அருவருப்பாகத்தான் இருந்தது, பிடித்துக்கொண்டே இருந்தேன்.

"வாயக் கொப்புளிக்கணும் தாயி," என்றார், தொட்டியை விட்டுத் தலையைத் தூக்காமல்.

சுற்றிலும் பார்த்தேன், ஒரு டம்ளர் இல்லை. பையைத் திறந்து என் டம்ளரை எடுத்து, என் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தேன். அவர் அண்ணாந்து குடிப்பார் என்று நினைத்தேன். இரண்டு கையாலும் பிடித்து, வாய் வைத்துக் குடித்தார்.